பதில் வரவழைக்கும் கடிதம்

கடிதம் எழுதும் பழக்கம் போய்விட்டதே என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கடைசியாக உங்களுக்கு வந்த கடிதத்துக்குப் பதில் போட்டீர்களா? பெரும்பாலும் அசட்டுச் சிரிப்புதான் கிடைக்கும். எழுதத் தொடங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. புது வருஷத்துக்கோ பொங்கலுக்கோ ஓர் உற்சாகம் வரும். நல்ல தாள் வாங்கி, நாலு பக்கம் எழுதி அனுப்பிவிடுவார்கள். பெற்றவர் மகிழ்ந்துபோய் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார். “கடிதம் கிடைச்சுது, ரொம்ப சந்தோஷம்” என்று போனில் சொல்லிவிடுவார். அத்தோடு சரி. இரண்டாவது கடிதம் எழுதப்படுவதே இல்லை.

ஆகவே இந்த அத்தியாயம் அழகான கடிதம் எழுதுவதைப் பற்றியது இல்லை. பதில் வரவழைக்கும் கடிதத்தைப் பற்றியது. யாருக்கு எழுதுகிறோம், எதில் எழுதுகிறோம், என்ன கேட்கிறோம், விலாசத்தை எப்படிப் போடுகிறோம் என்ற எல்லாவற்றையும் அந்தப் பதிலை நினைத்தே முடிவு செய்யப்போகிறோம்.

தபால் இலாகாவுக்கு இந்தச் சூட்சுமம் வெகுகாலம் முன்பே பிடிபட்டிருந்தது. 1879 ஜூலையில் காலணா விலையில் இந்தியாவுக்குக் கார்டு வந்தது. சில ஆண்டுகளிலேயே ரிப்ளை கார்டும் வந்துவிட்டது. இரண்டு கார்டுகள் ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்றில் நீங்கள் எழுதுவீர்கள். மற்றதில் உங்கள் விலாசத்தை நீங்களே எழுதி அனுப்பிவிடுவீர்கள். அதற்கும் சேர்த்துக் காசு கட்டியாகிவிட்டது. பெற்றவர் கிழித்து, எழுதி, பெட்டியில் போட வேண்டியதுதான் பாக்கி. பதில் போடாததற்குச் சாக்குச் சொல்ல இடமே வைக்காத ஏற்பாடு அது. நம் கடிதம் எந்த வடிவில் இருந்தாலும் மனத்தளவில் அது ஒரு ரிப்ளை கார்டாக இருக்கட்டும்.

யாருக்கு?

மிகவும் பிடித்தவருக்கு எழுத வேண்டும் என்றுதான் கை முதலில் துடிக்கும். அங்கேயே ஆட்டம் நின்றுவிடுகிறது. தினம் பத்து முறை வாட்ஸ்அப்பில் பேசுகிறவருக்குக் கடிதத்தில் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? பிடித்தவரைவிடப் பதில் போடக்கூடியவரைத் தேடுங்கள். ஓய்வு பெற்ற உங்கள் தமிழாசிரியர். ஊரில் தனியாக இருக்கும் அத்தை. முதல் வருஷம் விடுதியில் சேர்ந்திருக்கும் அக்கா மகள். வேலை மாறி வேறு ஊருக்குப் போனதால் பேச்சுக் குறைந்துபோன நண்பர். நாட்குறிப்பு எழுதுகிறவர் யாராவது உங்களுக்குத் தெரியும் என்றால் அவரை விடாதீர்கள். எழுதிப் பழகிய கை அது.

இரண்டு பேர் போதும், மிஞ்சினால் மூன்று. பத்துப் பேருக்கு எழுதத் திட்டம் போடுகிறவர் ஒருவருக்கும் தொடர்ந்து எழுதுவதில்லை.

எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் செய்துவிடுங்கள். “சித்தி, மாசம் ஒரு கடிதம் போடலாம்னு இருக்கேன். நீங்களும் போடுவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். ஆச்சரியம் கெட்டுவிடுமே என்று தோன்றும். கெடட்டும். ஆச்சரியப்படுத்தும் கடிதம் ஒரு முறைக்கு மேல் செல்லாது. ஒப்புக்கொண்டு எழுதும் கடிதம் வருஷக்கணக்கில் போகும். பேசும்போதே இன்னொரு நிபந்தனையையும் போட்டுவிடுங்கள்: கடிதத்துக்குக் கடிதத்தில்தான் பதில், போனில் கிடையாது.

முன்பின் தெரியாதவர்களுக்கு எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு போஸ்ட்கிராசிங் என்ற உலகளாவிய ஏற்பாடு 2005 முதல் இருக்கிறது. போர்த்துக்கலில் தொடங்கியது. நீங்கள் யாரோ ஒருவருக்கு ஒரு படக் கார்டு அனுப்பினால் வேறு யாரோ ஒருவரிடமிருந்து உங்களுக்கு ஒன்று வரும். தபால் நிலையத்துக்குப் போய்வரும் பழக்கம் ஏற்பட அது நல்ல வழி. ஆனால் உங்களுக்கு வருவது நீங்கள் எழுதியதற்கான பதிலாக இருக்காது. அதைக் கடிதப் போக்குவரத்துக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

கார்டா, இன்லண்டா, கவரா?

தொடங்குகிறவர் கார்டில் தொடங்குவதே நல்லது. ஐம்பது பைசா. பதினான்கு சென்டிமீட்டர் நீளம், ஒன்பது சென்டிமீட்டர் அகலம். சுமாரான கையெழுத்தில் பத்துப் பன்னிரண்டு வரி கொள்ளும். அதற்கு மேல் எழுத முடியாது என்பதே அதன் பெருமை. நாலு பக்கக் கடிதம் கிடைத்தவர், பதிலும் நாலு பக்கம் இருக்க வேண்டுமோ என்று மலைத்துப் போய்த் தள்ளிப்போடுவார். கார்டு கிடைத்தவருக்கு அந்தப் பயம் வராது. தபால்காரர் படித்துவிடுவாரே என்று கூச்சப்படுகிறவர்கள், படித்தால் பாதகமில்லாததை மட்டும் அதில் எழுதுங்கள். விலாசப் பக்கத்தின் வலது பாதி விலாசத்துக்கு மட்டும். அங்கே ஒரு வரி நுழைந்தாலும் பிரிக்கும் இடத்தில் குழப்பம்.

இரண்டு மூன்று கார்டு போய் வந்த பிறகு இன்லண்டுக்கு மாறலாம். 1950 அக்டோபர் 2ஆம் தேதி அறிமுகமான வெளிர்நீல இன்லண்டு நம் ஊர்க் குடும்பங்களின் பாதி வரலாற்றைச் சுமந்திருக்கிறது. விலை இரண்டரை ரூபாய். உள்ளே எதையும் வைக்கக் கூடாது. திருநீறு, போட்டோ, ரூபாய்த் தாள் எதுவும் ஆகாது. வைத்தால் அது இன்லண்டு இல்லை, கவர் என்று கணக்காகிவிடும். ஓரத்து மடிப்புகளில் குட்டி எழுத்தில் நெருக்கி எழுதுவது நம் பரம்பரைப் பழக்கம். ஒட்டும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். பிரிக்கிறபோது முக்கியமான விஷயம் கிழிந்துபோவது எப்போதும் அங்கேதான்.

கவருக்கு இருபது கிராம் வரை ஐந்து ரூபாய். 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று சரியாக ஐந்து கிராம். மூன்று தாள் வைத்தால் பதினைந்து. கவரின் எடையையும் சேர்த்தால் வரம்பைத் தொட்டுவிடும். நான்காவது தாள் வைத்தீர்களானால் கூடுதல் ஸ்டாம்பு ஒட்டியே ஆக வேண்டும். குறைந்தால், குறைந்த தொகையின் இரு மடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பார்கள். அன்பாக எழுதிய கடிதத்துக்கு அத்தை காசு கொடுத்து வாங்குவது நன்றாக இருக்காது.

இப்போது ரிப்ளை கார்டுக்கு வருவோம். முதல் கடிதத்தைக் கவரில் அனுப்புங்கள். கூடவே இரண்டு வெற்றுக் கார்டுகளில் உங்கள் விலாசத்தை எழுதி உள்ளே வையுங்கள். ஒரு காலத்தில் நம் பத்திரிகைகள் கதை அனுப்புகிறவர்களிடம் சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையைக் கேட்டன. அதே உத்திதான். பெரியவர்களுக்குத் தபால் நிலையம் போய்வருவதே பாதி வேலை. எழுத மனமிருந்தும் கார்டு கையில் இல்லாததால் நின்றுபோன பதில்கள் ஏராளம். உங்கள் வீட்டிலும் பத்துக் கார்டு, பத்து இன்லண்டு, சில ஐந்து ரூபாய் ஸ்டாம்புகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருங்கள். சிறிய அஞ்சலகத்தில் கார்டு தீர்ந்துவிட்டது என்பார்கள். தலைமை அஞ்சலகப் பக்கம் போகும்போது மொத்தமாக வாங்கிவிடுவது மேல்.

பேனா, தாள், கையெழுத்து

இதைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே போடலாம். போடாமல் இருப்பது நல்லது. பேனா மோகம் பல பேரைக் கடிதம் எழுதவிடாமல் செய்திருக்கிறது. கார்டுக்கும் இன்லண்டுக்கும் சாதாரண பால்பாயின்ட் பேனாவே சரி. மையூற்றுப் பேனாவின் மை அந்தத் தாளில் கசியும். மைப்பேனா பிரியர்கள் கவருக்குள் வைக்கும் தாளில் ஆசை தீர எழுதலாம். ஆனால் விலாசத்தை மட்டும் பால்பாயின்டிலேயே எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தபால்காரரின் பை நனைந்தால் மையூற்றும் ஜெல்லும் கரைந்துவிடும், பால்பாயின்ட் தாங்கும்.

கையெழுத்து நன்றாக இல்லையே என்பார்கள். நன்றாக இருக்க வேண்டியதில்லை, படிக்க முடிந்தால் போதும். தமிழில் சுழியும் கொம்பும் மேலும் கீழும் நீள்வதால் வரிக்கு வரி சற்று இடம் விட்டு எழுதுங்கள். வயதானவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குங்கள். போனில் தட்டச்சு செய்துவிட்டுப் பார்த்து எழுதுவது வேண்டாம். அப்படி எழுதினால் அந்தக் கடிதத்தில் செய்திக்குறிப்பின் வாசம் அடிக்கும். அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும். நீங்கள் எந்த இடத்தில் தயங்கினீர்கள் என்று அத்தைக்குத் தெரிவதில் தப்பொன்றும் இல்லை.

என்ன எழுதுவது?

எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். தாளை விரித்ததும் மனம் வெறிச்சென்று ஆகிவிடும்.

அதற்காகத்தான் நம் முன்னோர் சில வாசகங்களைத் தயாராக வைத்திருந்தார்கள். ‘இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் அனைவரின் நலமறிய ஆவல்.’ இதைக் கேலி செய்யாதவர் இல்லை. எனக்கு இந்த வாசகத்தின்மேல் மரியாதை உண்டு. யோசிக்காமல் எழுதக்கூடிய முதல் வரி அது, கையை ஓடவைத்துவிடும். மேலே பிள்ளையார் சுழி போடும் வீட்டில் வளர்ந்திருந்தால் போடுங்கள். 786 எழுதி, அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லித் தொடங்கும் வீடானால் அப்படி. ஸ்தோத்திரம் சொல்லும் வீடானால் அப்படி. பெரியம்மா கடிதத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது அந்த அடையாளத்தைத்தான். ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே வாசகத்தை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் மட்டும் நடந்த ஏதாவது ஒன்றுக்கு வந்துவிட வேண்டும்.

மேலே தேதி, ஊர் போடுங்கள். தேதியில் வருஷம் இருக்கட்டும். ‘12/3’ என்று மட்டும் எழுதிய பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு, இது தங்கை பிறப்பதற்கு முன்பா பின்பா என்று சண்டை போடும் குடும்பங்கள் உண்டு. தபால் முத்திரையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் முக்கியமான கடிதத்தில்தான் அது மங்கலாக விழுந்திருக்கும்.

எதை எழுதலாம், எதைக் கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஐந்து நாள் கழித்துப் படித்தாலும் ஊசிப்போகாததாக இருக்க வேண்டும். காய்ச்சல், வண்டி வரும் நேரம், தக்காளி விலை, மழை வருமா வராதா என்பதெல்லாம் போனுக்குரியவை. கடிதம் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும், சித்தி மட்டும் புதிதாகக் கவலைப்படத் தொடங்குவார். எதிர்வீட்டை இடித்துவிட்டுக் கட்டுகிறார்கள், இத்தனை வருஷம் தெரியாத கோயில் கோபுரம் நம் மாடியிலிருந்து இப்போது தெரிகிறது என்பது கெட்டுப்போகாத செய்தி. பழைய பெட்டியைக் குடைந்தபோது தாத்தாவின் ரேஷன் அட்டை கிடைத்தது என்பதும் அப்படித்தான். பேரன் ‘ழ’ சொல்லக் கற்றுக்கொண்டு அதை எல்லாச் சொல்லிலும் போட்டுக் கொண்டிருக்கிறான் என்று எழுதினால் அடுத்த மாதம் படித்தாலும் சிரிப்பு வரும்.

நம் எழுத்தாளர்களின் கடிதத் தொகுப்புகளைப் புரட்டினால் ஒன்று தெரியும். இடைசெவலில் ஒன்றாக வளர்ந்து, பிறகு ஊரைவிட்டு வெளியே போன கு. அழகிரிசாமி, ஊரோடு இருந்த கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவை ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் வந்தன. ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்களும் தொகுக்கப்பட்டிருக்கின்றன. இலக்கியம் படைக்கும் எண்ணத்தில் எழுதப்பட்டவை இல்லை இவை. எதிரில் இருக்கும் ஒரே ஒருவருக்காக எழுதியவை. அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் நாம் ஒட்டுக்கேட்பது போலப் படிக்க முடிகிறது. ஊருக்கே எழுதுவது வேறு வகை. அண்ணா ‘தம்பிக்கு’ என்று எழுதினார், கலைஞர் ‘உடன்பிறப்பே’ என்று அழைத்து எழுதினார். கடித வடிவில் வந்த அரசியல் கட்டுரைகள் அவை. அந்தப் பாணியைப் பின்பற்றிச் சித்தப்பாவுக்கு எழுதினால் அவர் பயந்துபோவார்.

ஒரு மாதிரிக் கடிதம் பார்ப்போம். கார்டில் அடங்கும் அளவு.

*அன்புள்ள சித்திக்கு,*
*வணக்கம். இங்கே எல்லோரும் நலம். நீங்கள் கொடுத்தனுப்பிய முருங்கைக் கொம்பு மூன்று மாதம் சும்மா நின்றது. தலைகீழாக நட்டுவிட்டேன் என்று அத்தை தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் மூன்று இடத்தில் துளிர் விட்டிருக்கிறது. அத்தை இப்போது கொல்லைப் பக்கமே வருவதில்லை. கம்பளிப்பூச்சி வராமலிருக்கத் தாத்தா மரத்துக்கு ஏதோ செய்வார் என்று ஒருமுறை சொன்னீர்களே, அது என்ன? நம் பழைய வீட்டுக் கிணற்றடி மரத்தை நட்டது தாத்தாவா, அவருக்கும் முன்னாலா? விவரமாக எழுதுங்கள். சித்தப்பாவிடம் விசாரித்ததாகச் சொல்லவும்.*
*இப்படிக்கு,*
*தங்கள் அன்பு மகள்*

இதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு கொம்பு துளிர்த்திருக்கிறது, ஒரு மாமியார் கொஞ்சம் தோற்றிருக்கிறார். ஆனால் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளையும் கவனியுங்கள். சித்திக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்விகள். ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாதவை. பதில் எழுத உட்கார்ந்தால் சித்திக்குக் கிணறு நினைவு வரும், கிணற்றடியில் நடந்த சண்டை நினைவு வரும், கார்டு போதாமல் இன்லண்டு வாங்க அனுப்புவார். ‘நீங்கள் நலமா, சித்தப்பா நலமா, மாடு நலமா’ என்று கேட்டிருந்தால் ‘நலம்’ என்று போனில் சொல்லி முடித்திருப்பார். கேள்வி ஒன்று அல்லது இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். ஐந்து கேள்வி கேட்டால் அது விண்ணப்பப் படிவம்.

சில கடிதங்களில் கேள்வியே கூடாது. துக்கம் விசாரிக்கும் கடிதம் அப்படிப்பட்டது. ஒரு காலத்தில் சாவுச் செய்தியே கார்டில் வரும். நல்ல காரியக் கடிதத்துக்கு மூலையில் மஞ்சள் தடவுவார்கள். துக்கச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் எழுதும் ஆறுதல் கடிதம் அதற்கு நேர்மாறாக, எடுத்து வைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். கவரில் அனுப்புங்கள். ‘ஆழ்ந்த இரங்கல்’, ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்பவை சுவரொட்டிச் சொற்கள். போனவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள். அவர் கடை வாசலில் நின்று உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததோ, பஸ்ஸுக்குக் காசு இல்லாதபோது எடுத்துக் கொடுத்ததோ. அந்தக் குடும்பத்துக்கு அது புதுச் செய்தியாக இருக்கும். போனவர் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கிடைத்தது போல இருக்கும். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பதிலை எதிர்பார்க்காதீர்கள். ‘பதில் எழுத வேண்டாம்’ என்று கடைசியில் சொல்லிவிடுவதே இதம்.

மனத்தாங்கல் தீர்க்க எழுதுவதானால் ராத்திரி எழுதுங்கள், காலையில் படித்துப் பாருங்கள், பிறகு கவரில் போடுங்கள். காலையில் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் பலன் உண்டு. கார்டில் சண்டை வேண்டவே வேண்டாம்.

விலாசம்

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி வந்தது. ஆறு இலக்கங்கள். முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம் எல்லாம் 6. முதல் மூன்று இலக்கங்கள் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும்: சென்னைக்கு 600, மதுரைக்கு 625, கோவைக்கு 641. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். கடிதம் தாமதமாவதில் பாதிப் பழி நம் மேல்தான். எண் தெரியாமல் உத்தேசமாகப் போடுகிறோம், அல்லது 1, 7 இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம்.

கிராமத்து விலாசத்தில் பெயருக்குக் கீழே கதவு எண், தெரு, ஊர் எழுதி, அதன் பின் எந்த அஞ்சல், எந்த வழி, எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று வரிசையாக எழுதும் பழைய முறையே பத்திரமானது. பல சிற்றூர்களுக்கு அஞ்சலகம் பக்கத்து ஊரில் இருக்கும். அந்த ‘அஞ்சல்’ வரியை விட்டுவிட்டால் ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களுக்கு நடுவே கடிதம் அலையும். மாவட்டம் பிரிந்ததால் குழம்ப வேண்டாம். தென்காசி 2019இல் தனி மாவட்டமானது. அதன் பின்கோடு இப்போதும் திருநெல்வேலியைப் போலவே 627 என்றுதான் தொடங்குகிறது. மாவட்டப் பெயர் பழையதாக இருந்தாலும் பின்கோடு சரியாக இருந்தால் கடிதம் போய்விடும்.

தமிழ்நாட்டுக்குள் விலாசத்தைத் தமிழில் தாராளமாக எழுதலாம். வெளி மாநிலத்துக்கு எழுதினால் ஆங்கிலத்தில் எழுதுவதே விவேகம். வெளிநாடானால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், நாட்டின் பெயர் கடைசி வரியில் தனியாக. கோலாலம்பூர் மாமாவுக்கும் யாழ்ப்பாணத்துத் தோழிக்கும் உள்ளே எழுதுவது தமிழாகவே இருக்கும். உறைமேல் இருப்பதை எத்தனையோ கைகள் படித்தாக வேண்டும்.

அனுப்புநர் விலாசத்தை மறக்கவே கூடாது. கடிதம் திரும்பி வர அது வேண்டும் என்பது ஒரு காரணம். பதில் எழுதுகிறவர் உங்கள் பின்கோட்டைத் தேடி அலையக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பெட்டியில் போட்ட பிறகு

டென்மார்க்கில் 2025 முடிவோடு அஞ்சல் நிறுவனம் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. நானூறு ஆண்டுப் பழக்கம். நமக்கு இன்னும் கிராமம் வரைக்கும் தபால்காரர் வருகிறார். பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வையுங்கள். தெருமுனைப் பெட்டியில் கடிதம் எடுக்கும் நேரம் எழுதியிருக்கிறதா, பூட்டு துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அஞ்சலக வாசல் பெட்டியிலேயே போட்டுவிடலாம். சாதாரணக் கடிதம் எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்க்க வழியில்லை. அப்படிப் பார்த்தே ஆக வேண்டிய ஆவணமானால் ஸ்பீடு போஸ்ட். பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது. அத்தைக்கு எழுதும் கடிதத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. இன்று எங்கே இருக்கும் என்று தெரியாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, பழகினால் தெரியும்.

உங்களுக்குக் கடிதம் வந்தால் முதல் வேலை, அதன்மேல் வந்த தேதியைப் பென்சிலால் குறிப்பது. ஒரு வாரத்துக்குள் பதில் போட்டுவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தாண்டினால் குற்ற உணர்ச்சி வரும். குற்ற உணர்ச்சி வந்தால் ‘சாவகாசமாகப் பெரிதாக எழுதலாம்’ என்று தோன்றும். அப்படித் தோன்றிய கடிதம் எழுதப்பட்டதாகச் சரித்திரமே இல்லை. பதில் எழுதும்போது அவர் கடிதத்தை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, அவர் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிட்டு, பிறகு உங்கள் கதைக்கு வாருங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பதில் வரவில்லையா? ஒரு மாதம் பொறுங்கள். பிறகு ஒரு கார்டு. ‘ஏன் பதில் போடவில்லை’ என்று அதில் கேட்காமல், ஒரு சின்னச் செய்தியும் ஒரு புதுக் கேள்வியும் மட்டும் எழுதுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அவருக்குக் கடிதம் தோதுப்படவில்லை என்று அர்த்தம். தீபாவளிக்கு ஒரு வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள்.

பிள்ளைகள் எழுத

இந்திய அஞ்சல் துறை 2017 முதல் ‘டாய் ஆக்கர்’ என்ற பெயரில் கடிதப் போட்டி நடத்திவருகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, தமிழிலும் எழுதலாம். உலக அஞ்சல் ஒன்றியம் சிறுவர்களுக்கு 1971 முதல் பன்னாட்டுக் கடிதப் போட்டி நடத்துகிறது. கலந்துகொள்ளட்டும். ஆனால் போட்டிக் கடிதம் நடுவருக்குப் போகிறது, பதில் வருவதில்லை. பிள்ளைக்கு அது இன்னொரு கட்டுரைத் தேர்வுதான்.

பிள்ளை எழுதுவது தாத்தாவுக்கோ, ஊர் மாறிப்போன வகுப்புத் தோழனுக்கோ இருக்கட்டும். ண, ன, ந மாறியிருந்தால் சிவப்பு மையை எடுக்காதீர்கள். ‘கன்னம் சிவக்கும்படி அடித்தான்’ என்பது ‘கண்ணம்’ என்று போனால் தாத்தாவுக்குப் புரியும். பெரியவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: பதில் கடிதம் பிள்ளையின் பெயருக்கு வர வேண்டும். ‘செல்வன்’ என்றோ ‘செல்வி’ என்றோ போட்டு முழு விலாசத்தோடு. தபால்காரர் வாசலில் நின்று ஏழு வயசுப் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுக் கேட்கிறாரே, அதற்குப் பிறகு அடுத்த கடிதம் எழுது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

எடுத்து வைப்பது

உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைக் கண்போல் காத்தார். 1877 முதல் 1900 வரை வந்தவை ‘உ.வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்’ என்று தனித் தொகுதியாகவே வெளிவந்திருக்கின்றன. சுவடி தேடிய கதையின் மறுபக்கம் அவற்றில் இருக்கிறது. ஆனால் அவை மற்றவர்கள் அவருக்கு எழுதியவை. அவர் எழுதிய பதில்கள் எந்தெந்த ஊர் வீடுகளுக்கோ போனவை. எந்தக் கடிதப் பெட்டியிலும் இதே கதைதான். உங்கள் பெட்டியில் இருப்பது பாதி உரையாடல். அதனால் அனுப்பும் முன் உங்கள் கடிதத்தையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சித்தியின் பதிலில் ‘நீ கேட்டது தாத்தாவின் அண்ணன்’ என்று இருக்கும். என்ன கேட்டோம் என்று பத்து வருஷம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்?

வைக்கும் முறை எளிது. ஆளுக்கொரு கட்டு, தேதி வரிசையில். ரப்பர் பேண்டு உருகித் தாளில் ஒட்டிக்கொள்ளும், குண்டூசியும் ஸ்டேப்ளரும் துருவேறும், செலோடேப் மஞ்சளாகி எழுத்தையே விழுங்கும். மூன்றும் வேண்டாம். பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். லேமினேட் செய்தால் பிறகு எந்த நிபுணராலும் பிரிக்க முடியாது. தரையை ஒட்டிய அலமாரி கரையானுக்கு வழி, பரண் வெயிலில் கொதிக்கும். நடுத்தட்டுதான் சரி. வசம்பைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் பூச்சி அண்டாது. இன்லண்டை விரலால் கிழிக்காமல் அடிமட்டத்தை மடிப்பில் விட்டுப் பிரிக்கப் பழகினால் எழுத்து எதுவும் போகாது.

ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது. அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் அறுபது ஆண்டு வரை அவருடைய வாரிசுகளுடையது. அச்சில் போடவோ, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவோ நினைத்தால் அவர்களைக் கேட்க வேண்டும். அதோடு, பெட்டி மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்தக் கட்டு யாருடைய பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டும், எதை யாரும் பிரித்துப் படிக்காமல் எரித்துவிட வேண்டும் என்று அதில் உங்கள் கைப்பட எழுதி, தேதியும் வருஷமும் போட்டுவிடுங்கள்.